ஓ மஞ்ஜாத்தோவா, மஞ்ஜாவோவா? இத்தாலிய இறந்தகாலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

தோரினோ துளசி

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். தோரினோ வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஜூனில் பி1 நிலை இத்தாலியன் தேர்வு. கடையில் பேரம் பேச, பஸ்ஸில் வழி கேட்க, வீட்டுக்காரம்மாவிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல எல்லாம் வரும். ஆனால் நடந்த ஒன்றைக் கதையாகச் சொல் என்றால் நான் காலி. போன வாரம் வகுப்பில் ஆசிரியர் "நேற்று" என்ற தலைப்பில் எழுதச் சொன்னார். எட்டு வரி எழுதினேன், ஒன்பது சிவப்பு வட்டம். வரியை விட வட்டம் அதிகம்!

கைபேசியில் எழுத்தை மாற்றி மாற்றித் தட்ட அலுப்பாக இருப்பதால் இத்தாலியனையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வட்டம் விழுந்ததில் எனக்குச் சுத்தமாகப் புரியாதவை இவை:

"யேரி ஏரா ஊனா ப்ரூத்தா ஜொர்னாத்தா." நேற்று மோசமான நாள். ஏரா வேண்டாம், ஏ ஸ்தாத்தா போடு என்று திருத்தம்.

"ஆ பியோவூத்தோ." மழை பெய்தது. அதை பியோவேவா ஆக்கிவிட்டார்.

"அஸ்பெத்தாவோ லாவுத்தோபுஸ் பேர் க்வராந்தா மினூத்தி." நாற்பது நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். இதற்கு ஓ அஸ்பெத்தாத்தோ என்று திருத்தம்.

"ஓ தொவூத்தோ ப்ரேந்தெரே இல் த்ரேனோ தெல்லே ஓத்தோ." எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதன் ஓரத்தில் மட்டும் திருத்தம் இல்லை, "அப்படியானால் ஏறினாயா?" என்று ஒரு கேள்வி. ஏறவில்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேனே!

நீளமாக நடந்தது இம்பெர்ஃபெத்தோ என்கிற இறந்தகாலம் (ஏரா, பியோவேவா மாதிரி), சட்டென்று முடிந்தது பாஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ (ஏ ஸ்தாத்தா, ஆ பியோவூத்தோ மாதிரி) என்று ஒரு வீடியோவில் பார்த்துத்தான் இதெல்லாம் எழுதினேன். குளிரில் நாற்பது நிமிடம் நின்றது நீளம் இல்லையா?

பலெர்மோ ராசன்

வாங்கோ தங்கச்சி. முதல் வேலையாக அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். நீளம், குறுகல் என்ற கணக்கே பிழை. நான் பலெர்மோவுக்கு வந்து பதினெட்டு வருசம், அதில் முதல் ஆறு வருசம் இதே கணக்கைப் போட்டுத்தான் எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

என்னுடைய சித்தப்பா இங்கே முப்பது வருசம் இருந்துவிட்டு லண்டனுக்குப் போனவர். அதை எப்படிச் சொல்வது? "மியோ ட்ஸீயோ ஆ விஸ்ஸூத்தோ அ பலெர்மோ பேர் த்ரெந்தான்னி." முப்பது வருசம், ஆனால் பாஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. ஏனென்றால் பெட்டி மூடியாகிவிட்டது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றும் எண்ணியாகிவிட்டது. நாற்பது நிமிடம், மூன்று நாள், பத்துத் தடவை என்று எண்ணிக்கை சொன்னீர்கள் என்றால் அநேகமாக அது ப்ரோஸ்ஸிமோதான். "பேர் க்வராந்தா மினூத்தி" என்று எழுதிய உடனேயே உங்கள் வாக்கியம் பூட்டப்பட்டுவிட்டது. ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்த்தேன் என்றாலும் "ஓ விஸ்தோ தியேச்சி வோல்தே"தான். திரும்பத் திரும்பச் செய்தது என்பதற்காக இம்பெர்ஃபெத்தோவுக்கு ஓடக்கூடாது.

தவறு செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். வந்த புதிதில் காய்ச்சல் வந்து மாறிவிட்டது, வேலைக்குத் திரும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கப் போனேன். "அவேவோ லா ஃபெப்ரே" என்றேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். நான் மேலே ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறார், எனக்கோ சொல்ல வந்தது முடிந்துவிட்டது! காய்ச்சலாக இருந்தது, அப்போது... என்று பாதியில் நிற்கிற மாதிரி அது. "ஓ அவூத்தோ லா ஃபெப்ரே பேர் த்ரே ஜோர்னி" என்றிருந்தால் அப்போதே கடிதம் எழுதியிருப்பார்.

அந்த ரயில் விஷயமும் இதே மாதிரித்தான். ஓ தொவூத்தோ என்றால் வேண்டியிருந்தது, செய்தும் விட்டேன். தொவேவோ என்றால் செய்ய வேண்டியவனாக இருந்தேன், செய்தேனா இல்லையா என்பது வேறு கதை. ஆசிரியர் நக்கல் அடிக்கவில்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தொவேவோ ப்ரேந்தெரே இல் த்ரேனோ தெல்லே ஓத்தோ, மா க்வாந்தோ ஸோனோ அர்ரிவாத்தோ இன் ஸ்தாத்ஸியோனே, இல் த்ரேனோ ஏரா ஜா பர்த்தீத்தோ." நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் ஏற்கெனவே போயிருந்தது.

இலக்கணப்பூனை

ராசன் அண்ணா சொன்ன பூட்டு, பெட்டி எல்லாம் சரி. ஆனால் பேசும்போது பெட்டி மூடியதா திறந்ததா என்று யோசித்துக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். எனக்கு உதவியது வேறு. நாம் எல்லோரும் இத்தாலியனை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம், அதுதான் சிக்கலே. ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலம் ஒன்றை வைத்தே முக்கால்வாசியை ஒப்பேற்றிவிடுவார்கள். தமிழில் அப்படி இல்லை, நாம்தான் கவனிப்பதில்லை.

சின்ன வயதில் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போன கதையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "தினமும் ஆற்றில் குளிப்போம். தாத்தா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மத்தியானம் யாருக்கும் தெரியாமல் மாங்காய் அடிப்போம்." குளிப்போம், படிப்பார், அடிப்போம்! எல்லாம் முடிந்து இருபது வருடம் ஆன சமாச்சாரம், வினையோ எதிர்காலத்தில் நிற்கிறது. ஒரு தமிழனும் இதில் தடுமாறுவதில்லை. இந்த "போவேன், வருவோம், செய்வார்" எங்கெல்லாம் வாயில் வருகிறதோ அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபெத்தோ: அந்தாவோ, வெனிவாமோ, ஃபாச்சேவா.

அடுத்தது இதை விட அழகு. "அப்போது எனக்கு ஏழு வயது. மணி மூன்று. அப்பா பள்ளிக்கூடத்தில் வாத்தியார்." இதில் வினைச்சொல் எங்கே? இல்லவே இல்லை. இத்தாலியனில் வினை இல்லாமல் ஓடாது, அதனால் போட்டாக வேண்டும்: அவேவோ ஸெத்தே அன்னி, ஏரானோ லே த்ரே, மியோ பாத்ரே ஏரா இன்ஸென்யாந்தே. மூன்றும் இம்பெர்ஃபெத்தோ. வயது, மணி, தொழில் என்று புத்தகத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதெல்லாம் இதுதான்.

மூன்றாவது, காலமே காட்டாத நம்முடைய தெரியும், பிடிக்கும், வேண்டும் கும்பல். "அவன் பொய் சொல்கிறான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்." இது ஸாபேவோ. "பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிய வந்தது." இது ஓ ஸாபூத்தோ. இத்தாலியன் புத்தகங்களில் ஒரு முழுப் பக்கத்துக்கு இந்த வித்தியாசத்தை விளக்குவார்கள், நம்மிடம் அது தனி வினையாகவே இருக்கிறது! அதே மாதிரி, "சின்ன வயதில் எனக்குப் பாகற்காய் பிடிக்காது" என்றால் நோன் மி பியாச்சேவா. "நேற்று செய்த பாகற்காய் பிடித்திருந்தது" என்றால் மி ஏ பியாச்சூத்தோ.

ஆகத் தமிழில் எங்கெல்லாம் இறந்தகால உருவத்தைத் தொடாமலேயே இறந்தகாலத்தைப் பேசுகிறோமோ, அங்கெல்லாம் இத்தாலியனில் இம்பெர்ஃபெத்தோ. நான் கண்டுபிடித்தது என்று பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் பெருமைதான்.

ஜெனோவா மாமா

பூனை, பெருமைப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். தமிழில் "போவேன்" என்றால் இம்பெர்ஃபெத்தோ, ஒத்துக்கொள்கிறேன். தமிழில் "போனேன், இருந்தேன்" என்று வந்தால்? அங்கேதான் நம் ஆட்கள் விழுந்து எழுகிறார்கள்.

"மிலானில் இரண்டு வருடம் இருந்தேன்." "மிலானில் இருந்தேன், அப்போதுதான் இவளைப் பார்த்தேன்." தமிழில் இரண்டும் ஒரே இருந்தேன். இத்தாலியனில் முதலாவது ஸோனோ ஸ்தாத்தோ, இரண்டாவது ஏரோ. நான் வந்த முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஏரோ, ஏரோ என்றே ஓட்டினேன். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது ஏதோ விபரீதம் நடந்த மாதிரி இருந்திருக்கும் கேட்கிறவர்களுக்கு.

இவளைப் பார்த்தேன் என்றதும் இன்னொன்று. கொனொஷேவோ என்றால் பழக்கம் இருந்தது, முன்பே தெரிந்தவர். ஓ கொனொஷூத்தோ என்றால் முதன்முதலாக அறிமுகமானது. ஒரு விருந்தில் "மனைவியை எங்கே சந்தித்தீர்கள்" என்று கேட்டார்கள், நான் "கொனொஷேவோ மியா மோல்யே அ மிலானோ" என்றேன். அப்போது தெரியும், இப்போது யாரென்றே தெரியாது என்கிற தொனி. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீடு வரைக்கும் பேச்சில்லை.

மழையும் அப்படித்தான். "மழை பெய்தது, தெருவில் ஆள் இல்லை" என்று நாம் கதை சொல்வோம். அந்தப் பெய்தது உண்மையில் பெய்துகொண்டிருந்தது, அதனால் பியோவேவா. "நேற்று முழுக்க மழை பெய்தது" என்றால் ஆ பியோவூத்தோ. துளசி, உன் ஆசிரியர் பியோவேவா போட்டதற்குக் காரணம் இதுதான். நீ வீட்டை விட்டு இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. "கொண்டிருந்தது" சேர்த்துப் பார், வாக்கியம் உடையாமல் நின்றால் இம்பெர்ஃபெத்தோ.

அப்புறம் பூனையிடம் ஒரு கேள்வி. "நேற்று மோசமான நாள்." இதில் வினை இருக்கிறதா? இல்லை. உன் கணக்குப்படி ஏரா வர வேண்டும். துளசியும் ஏராதான் போட்டாள். வட்டம் விழுந்ததே, ஏன்?

இலக்கணப்பூனை

😾 மாமா பிடித்துவிட்டார்.

இலக்கணப்பூனை

சரி, இரண்டு மணி நேரம் யோசித்தேன். "அன்றைக்கு மோசமான நாள், காலையிலிருந்தே எதுவும் சரியில்லை, அப்போது போன் வந்தது" என்று கதைக்குத் திரை விரிக்கிறோம் என்றால் ஏரா சரியே, எந்த இத்தாலியனும் அப்படி எழுதுவான். துளசி எழுதியதோ தீர்ப்பு. நேற்று என்கிற நாள் காலையில் தொடங்கி ராத்திரி முடிந்துவிட்டது, முழுசாகத் திரும்பிப் பார்த்து மோசம் என்கிறாள். தமிழிலும் "நேற்று நாளே மோசமாகப் போயிற்று" என்று மாற்றிச் சொல்லலாம். அப்படிப் "போயிற்று, ஆகிவிட்டது, முடிந்தது" ஒட்டுமானால் ஏ ஸ்தாத்தா. வயதும் இப்படித்தான். "எனக்கு முப்பது வயது" அவேவோ, "எனக்கு முப்பது வயது முடிந்தது" ஓ கொம்பியூத்தோ.

ஆக வினையில்லா வாக்கியத்தில் எனக்கு ஒரு ஓட்டை விழுந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். போவேனும் தெரியுமும் இன்னும் நிற்கின்றன.

ஜெனோவா மாமா

நான் அந்த ஆசிரியர் இடத்தில் இருந்திருந்தால் வட்டம் போட்டிருக்க மாட்டேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். முதல் வரிதானே, திரை விரிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

தோரினோ துளசி

இரண்டு பேரும் சண்டை போடுங்கள், எனக்கு நன்றாகப் புரிகிறது. "போயிற்று" வைத்தியம் பிரமாதம்.

தேர்வில் எழுத வேண்டிய இன்னொரு இடம்: கட்டுரையில் "வர முடியவில்லை" என்று மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். நோன் பொத்தேவோவா, நோன் ஓ பொத்தூத்தோவா?

பலெர்மோ ராசன்

வரவில்லை, விசயம் முடிந்தது என்றால் நோன் ஸோனோ பொத்தூத்தோ வெனீரே, மன்னிப்புக் கடிதத்துக்கு இதுதான் பொருத்தம். நோன் பொத்தேவோ என்றால் வரக்கூடிய நிலைமையில் நான் இல்லை என்று மட்டும் சொல்கிறீர்கள், அதன் பிறகு "ஆனாலும் எப்படியோ ஓடி வந்தேன்" என்றுகூட முடிக்கலாம்.

கேள்விக்குறி

சென்னையிலிருந்து செயலியில் படிக்கிறேன். ஓ பொத்தூத்தோவா, ஸோனோ பொத்தூத்தோவா? துணைவினையாக எப்போது அவேரே (ஓ, ஆ), எப்போது எஸ்ஸெரே (ஸோனோ, ஏ)? பியோவூத்தோவுக்கும் ஆ, ஏ இரண்டும் பார்த்திருக்கிறேன்.

இலக்கணப்பூனை

மழைக்கு இரண்டும் சரி. போ, வா, பிற, இற வகைக்கும் தன்வினையாகத் திரும்பும் வினைகளுக்கும் எஸ்ஸெரே, பெரும்பாலான மற்றவற்றுக்கு அவேரே. பின்னால் வெனீரே வருவதால் ஸோனோ, ஆனால் பேச்சில் ஓ பொத்தூத்தோ வெனீரே என்பதும் காதில் விழும். இதை இங்கே ஆரம்பித்தால் இந்த வருடம் முடியாது, தனி இழை போடுங்கள்.

கேள்விக்குறி

சரி சரி. அப்போ பாஸ்ஸாத்தோ ரெமோத்தோ? அந்தாய், ஃபேச்சி, நாக்வே என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறதே. தூரத்து இறந்தகாலம் என்கிறார்கள். எத்தனை வருடம் ஆனால் தூரம்? யாரும் பேசுவதில்லை, விட்டுவிடு என்கிறான் என் நண்பன்.

பலெர்மோ ராசன்

உங்கள் நண்பர் ரோமுக்குத் தெற்கே வந்ததில்லை போல.

நான் வந்து முதலில் வேலை செய்தது ஒரு உணவகத்துக் குசினியில், பாத்திரம் கழுவுகிற இடத்தில். முதலாளி ஒன்று சொல்வார், நான் ஏதோ முனகுவேன், உடனே "கே திச்செஸ்தி?" என்பார். என்ன சொன்னாய்? சொன்னது இரண்டு விநாடிக்கு முன்னால்! அதற்குப் பாஸ்ஸாத்தோ ரெமோத்தோ. காலையில் ஒருவர் உள்ளே வருவார், "ஓரா அர்ரிவாய்", இப்போதுதான் வந்தேன் என்பார். தூரமாவது ஒன்றாவது. பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவின் மொழியிலேயே பழக்கம் அப்படி, அது அவர்கள் பேசுகிற இத்தாலியனுக்குள்ளும் ஏறிவிட்டது. முடிந்ததா, ரெமோத்தோ. இரண்டு விநாடியோ இருநூறு வருசமோ.

நான் அதைக் காதாலேயே பிடித்துக்கொண்டேன், அட்டவணை ஒன்றும் பார்க்கவில்லை. பிறகு வடக்கே ரெஜ்ஜோ எமீலியாவில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போனபோது அவருடைய பிள்ளைகளிடம் "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பதற்கு "மஞ்ஜாய்" என்றேன். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் ராசாக்கள் பேசுகிற மொழி. எனக்கு அது குசினி மொழி.

2018 முடிவில் குடியுரிமைக்கு பி1 கட்டாயம் என்று சட்டம் வந்தது, அதற்குப் பிறகு நானும் வகுப்புக்குப் போனேன். பேச்சுப் பயிற்சியில் ஊர்க் கதை சொல்லச் சொன்னார்கள். எங்கட தமிழ் ஆக்கள் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுவது பலெர்மோவில் எல்லாருக்கும் தெரியும். இந்து, கத்தோலிக்கர் என்று பார்க்காமல் போவார்கள். "முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய முதல் நடந்து போவோம்" என்று சொல்ல வந்து, பழக்க தோசத்தில் "அந்தாம்மோ" என்றுவிட்டேன். ஆசிரியை, அவவும் பலெர்மோக்காரிதான், "ஒரே ஒரு ஞாயிறா?" என்று கேட்டா. அந்தாவாமோ என்றிருக்க வேண்டும். பூனை சொன்ன "போவோம்" அன்றைக்கு ஞாபகம் வந்திருந்தால் தப்பியிருப்பேன்.

ஜெனோவா மாமா

வடக்கே நிலைமை நேர் எதிர். ஜெனோவாவில் இத்தனை வருடத்தில் வீதியில் ஒருவர் வாயில் ரெமோத்தோ கேட்டேன் என்றால் அவர் தெற்கிலிருந்து வந்தவராக இருப்பார். இங்கே தாத்தா செத்து நாற்பது வருடம் ஆனாலும் "ஏ மொர்த்தோ"தான். நடுவே தொஸ்கானாவில் இரண்டையும் வைத்திருக்கிறார்கள், இலக்கணப் புத்தகம் சொல்கிற மாதிரியே: இன்றைக்கு நடந்தது, இன்னும் என்னைத் தொடுவது என்றால் ப்ரோஸ்ஸிமோ, தொடர்பு அறுந்தது என்றால் ரெமோத்தோ.

அந்தத் தொடுவது என்பதுதான் விஷயம், வருடக் கணக்கு இல்லை. "ஸோனோ நாத்தோ நெல் மில்லே நோவெச்செந்தோ செத்தாந்தா", 1970-ல் பிறந்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, அதனால் ப்ரோஸ்ஸிமோ. கவிஞர் தாந்தே பிறந்தது 1265, "நாக்வே".

இலக்கணப்பூனை

தாந்தே எதற்கு, நம் ஆளே இருக்கிறார். வீரமாமுனிவர். கொஸ்தான்ட்ஸோ பெஸ்கி. "நாக்வே நெல் 1680 அ காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே", மாந்தோவா பக்கத்து ஊர். "ஆந்தோ இன் இந்தியா, இம்பரோ இல் தமில், ஸ்க்ரிஸ்ஸே..." பிறந்தார், இந்தியா போனார், தமிழ் கற்றார், எழுதினார். வாழ்க்கை வரலாறு என்றாலே இப்படி வரிசையாக ரெமோத்தோதான் வரும். நாம் அவர்கள் மொழியில் திணறுகிறோம், அந்த மனிதர் இங்கே வந்து செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், பேச்சுத் தமிழுக்குத் தனியாக லத்தீனில் ஓர் இலக்கணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கேள்விக்குறி, நீங்கள் தெற்கே போய்க் குடியேறப் போவதில்லை என்றால் ரெமோத்தோவைப் பேசப் பழக வேண்டாம். படித்தால் புரிய வேண்டும், அவ்வளவே. அந்தப் பெரிய அட்டவணையும் பார்வைக்குத்தான் பூதம். ஸ்க்ரீவெரே எடுங்கள்: ஸ்க்ரிஸ்ஸி, ஸ்க்ரிவெஸ்தி, ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிவெம்மோ, ஸ்க்ரிவெஸ்தே, ஸ்க்ரிஸ்ஸெரோ. நான், அவர், அவர்கள் மூன்றில் மட்டும்தான் உருவம் கோணும். நீ, நாங்கள், நீங்கள் ஒழுங்காக நிற்கும். ஒழுங்கில்லாத வினைகளில் பெரும்பாலானவை இதே தாளம்தான், எஸ்ஸெரே, தாரே, ஸ்தாரே மூன்றை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கதை வாசித்தால் இன்னும் சுலபம். குழந்தைக் கதைகள் "சேரா ஊனா வோல்தா" என்று தொடங்கும், ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்பது போல. ராஜாவுக்கு என்ன வயது, எத்தனை மகள்கள், கோட்டை எப்படி என்பதெல்லாம் இம்பெர்ஃபெத்தோவில் சாவகாசமாகப் போகும். "ஊன் ஜோர்னோ", ஒரு நாள் என்று வந்ததும் பாருங்கள், அடுத்த வினை பட்டென்று ரெமோத்தோவில் விழும். நம் பாட்டிகள் கதையிலும் "ஒரு நாள் என்னாச்சு..." என்றதும் குழந்தை நிமிர்ந்து உட்காருமே, அந்த இடம்.

மௌனவாசி

மூன்று வருடமாக இந்தக் குழுவில் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் இம்பெர்ஃபெத்தோ பற்றிப் பேசிவிட்டு என் மகளை விட்டுவிட்டால் எப்படி?

ஐந்து வயது, மழலைப் பள்ளி போகிறாள். வீட்டில் தோழியோடு விளையாடும்போது "யோ ஏரோ லா தொத்தொரேஸ்ஸா எ தூ ஏரி லா மலாத்தா" என்கிறாள். நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய்! எப்போது இருந்தாய் என்று எனக்குக் குழப்பம். பிறகுதான் புரிந்தது, அது நம் "நான் டாக்டராம், நீ பேஷண்டாம்". அந்த "ஆம்"தான் அங்கே இம்பெர்ஃபெத்தோ. கனவைச் சொல்லும்போதும் அதிலேயே சொல்கிறாள்.

பர்ஸ் தொலைந்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது இன்னொரு அதிசயம். நான் ஓ பெர்ஸோ, ஸோனோ ஸாலித்தோ, ஓ விஸ்தோ என்று ஒழுங்காக ப்ரோஸ்ஸிமோவில் சொன்னேன். அவர் தட்டிக் கொடுத்த தாளில் எல்லாம் இம்பெர்ஃபெத்தோ: மேற்படி நபர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார், பர்ஸ் இல்லாததை உணர்ந்துகொண்டிருந்தார் என்கிற தோரணை. நான் ஏதோ வெகுநேரமாக உணர்ந்துகொண்டே இருந்த மாதிரி! அது அரசாங்கத் தாள் மொழியாம். பத்திரிகையில் பந்தயச் செய்தியிலும் கோல் அடித்ததை "சென்யாவா" என்று எழுதுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

ஜெனோவா மாமா

மௌனவாசி, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள்? அருமை. ஆனால் துளசி, அந்தப் புகார்த் தாள் மொழியைத் தேர்வில் எடுத்துக்கொண்டு போய்விடாதே. அதேபோல "ஸெ லோ ஸாபேவோ, நோன் வெனீவோ", தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள், நீயும் சொல். எழுத்தில் மட்டும் "ஸெ லாவெஸ்ஸி ஸாபூத்தோ, நோன் ஸரேய் வெனூத்தா" என்று முழுசாக எழுது.

கடையில் பேசுகிறதற்கு ஒன்று: "வொலேவோ ஊன் ஏத்தோ தி ப்ரொஷூத்தோ". நூறு கிராம் பன்றி இறைச்சி வேண்டியிருந்தது என்பது இல்லை, இப்போதுதான் வேண்டும். வொல்யோ என்றால் குழந்தை அடம் பிடிப்பது போல இருக்கும். நாம் "உங்களிடம் ஒரு விஷயம் கேட்கணும்னு இருந்தேன்" என்று இழுப்போமே, அதே குழைவு.

தோரினோ துளசி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பத்தியைத் திரும்ப எழுதினேன். மழை பியோவேவா, குளிர் ஃபாச்சேவா ஃப்ரெத்தோ, நாற்பது நிமிடம் ஓ அஸ்பெத்தாத்தோ. ரயில் வாக்கியத்தை ராசன் அண்ணா எழுதியதையே அப்படியே எடுத்துக்கொண்டேன், அண்ணா கோபிக்க மாட்டார். முதல் வரியில் மாமா பேச்சைக் கேட்டு ஏராவையே வைத்தேன், ஆனால் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு "நோன் ஃபுன்ட்ஸியொனாவா நியெந்தே" என்று சேர்த்தேன். எதுவும் சரியில்லை. திரை விரித்தாயிற்று. நாளைக்குக் கொடுக்கிறேன்.

தோரினோ துளசி

திருப்பித் தந்துவிட்டார். ஏராவைத் தொடவே இல்லை! மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஒன்பது வட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. ராசன் அண்ணாவின் வாக்கியத்தில். "ஸோனோ அர்ரிவாத்தோ" என்பதில் கடைசி ஓவைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "போன வாரம் வரைக்கும் நீ பெண்ணாக இருந்தாய்" என்று எழுதியிருக்கிறார். "ஏரி ஊனா தோன்னா". இம்பெர்ஃபெத்தோவில்.

பலெர்மோ ராசன்

ஐயோ தங்கச்சி, மன்னிக்க வேணும். அர்ரிவாத்தா. மனுசி பக்கத்தில் நின்று வாசித்துவிட்டுச் சிரிக்கிறா.

இலக்கணப்பூனை

தங்கச்சி, அவர் ஏ ஸ்தாத்தாவை விட்டுக்கொடுத்தாரா, இல்லை கவனிக்கவில்லையா? நாளைக்குக் கேட்டுச் சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வராது.